சிவப்புக் கோடு போட்ட தகடு

ரெண்டு வாரம்தான் இருப்பான்னு சொல்லித்தான் அம்மா அவளைக் கூட்டிட்டு வந்தாங்க. அந்த ரெண்டு வாரம் எப்பவோ முடிஞ்சு போச்சு. பெரியம்மா பொண்ணோட பெட்டி இன்னும் குட்டியோட ரூம்லதான், குட்டியோட அலமாரியை ஒட்டி, வாடகை குடுக்கிற மாதிரி தெனாவட்டா நிக்குது.

வாயால குட்டி அவளை "அக்கா"ன்னுதான் கூப்பிடுவா. மனசுக்குள்ள வச்ச பேரு "விருந்தாளி".

விருந்தாளி டிப்ளமோ முடிச்சவ. குட்டிக்குப் பதினாறு வயசு, இன்னும் ஸ்கூலு. அதெல்லாம் கூடப் பரவாயில்ல. குட்டிக்கு வயிறு எரிஞ்சது ஒரே ஒரு வார்த்தைக்கு. அம்மா விருந்தாளியைக் "கண்ணு"ன்னு கூப்பிடுறாங்க. "கண்ணு, அந்த ஸ்பேனரை எடு." "கண்ணு, இதைக் கொஞ்சம் பாரேன்." பெத்த பொண்ணை மட்டும் பொறந்த நாள்லேர்ந்து "கழுதை". "ஏ கழுதை, லைட்டைப் போடு." "கழுதை, குறுக்க நிக்காத."

பட்டறை தெருமுனையில இருந்துச்சு. தகரக் கூரை, ஒரே ஒரு ஜன்னல், சுவத்துல கிரீஸ் கை ரேகை. நடுவுல இரும்பு செதுக்குற ஒரு பழைய மில்லிங் மெஷின். அதை அம்மா ஏலத்துல எடுத்து, ஃபிட்டர் மாமாவை வச்சு அங்க வெட்டி இங்க ஒட்டி, அலுமினியத் தகடு சேக்கிற மெஷினா மாத்தியிருந்தாங்க. ஃபிட்டர் மாமா அதுக்கு வச்ச பேரு "கிளறி".

பேருக்கு ஏத்த வேலைதான். நெருப்பு கிடையாது, பொறி பறக்காது, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டாம். ரெண்டு தகட்டை ஓரத்தோட ஓரம் முட்ட வச்சு, அசையாம இறுக்கிப் பிடிக்கணும். மேலேர்ந்து ஒரு இரும்புத் தண்டு சுத்திக்கிட்டே இறங்கும். அதோட நுனியில குட்டை ஆணி மாதிரி ஒரு முனை. அது மூட்டுக்குள்ள புகுந்து, தேய்ச்சுத் தேய்ச்சே சூடாக்கும். அலுமினியம் உருகாது. பிசைஞ்ச மாவு மாதிரி இளகும். தண்டு அப்படியே கிளறிக்கிட்டு நகர்ந்தா, இந்தத் தகடு அந்தத் தகட்டுக்குள்ள போயி, ரெண்டும் ஒண்ணாயிடும்.

அந்த மெஷினுக்கு ஒரு சாவி. அம்மா அதை நூல்ல கோத்துக் கழுத்துல போட்டிருப்பாங்க, தூங்கும்போது கூட. "பதினெட்டு ஆகட்டும் கழுதை, இதை உன் கழுத்துல மாட்டுறேன்"னு எத்தனையோ தடவை சொல்லியிருக்காங்க. குட்டி அந்த நாளுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தா. ஸ்கூல் விட்டதும் நேரா பட்டறைக்கு ஓடுவா. தகட்டைத் தேய்ப்பா, கிளாம்ப்பை முடுக்குவா, சத்தத்தைக் கேப்பா. கிளறி சரியா ஓடினா ஒரே சீரா உறுமும். எங்கயாவது இடிச்சா கீச்சுன்னு ஒரு இழுப்பு இழுக்கும். அந்த இழுப்பை அம்மாவுக்கு முன்னாடி குட்டி கண்டுபிடிச்சிடுவா.

இப்ப அந்த இடத்துல விருந்தாளி நிக்கிறா. குட்டி கூட்டிப் பெருக்குறா.

இந்த நேரம் பாத்துத்தான் படகுக்காரர் வந்தாரு. ஆளு ஒல்லி, மீசை மட்டும் பெருசு. படகுக்குப் பக்கவாட்டுப் பலகை அலுமினியத்துல வேணுமாம். கீழ்ப்பாதி உப்புத் தண்ணிக்கு அசராத தகடு, மேல்பாதி கெட்டியான வேற ஜாதித் தகடு. ரெண்டையும் சேத்துக் குடுக்கணும். பட்டறையில கீழ்ப்பாதிக்குக் "கடல்"ன்னும் மேல்பாதிக்குக் "கட்டி"ன்னும் பேரு வச்சுக்கிட்டாங்க. பாக்க ரெண்டும் ஒண்ணு போலதான் இருக்கும்.

ஒரே ஜாதின்னா அம்மாவுக்குத் தண்ணி பட்ட பாடு. ரெண்டு ஜாதின்னதும் கிளறி முரண்டு பிடிச்சுது. சுத்துற தண்டு நகரும்போது, இடது பக்கத்துல அது போற போக்குலயே தகட்டை முன்னாடி தள்ளும், வலது பக்கத்துல பின்னாடி இழுக்கும். இடது பக்கத்துலதான் அடி பலமா விழும். அதனால அங்க கெட்டியான தகட்டை வைக்கணும்ங்கிறது பட்டறைக்கே சட்டம் மாதிரி. கட்டித் தகட்டோட மூலையில சிவப்பு மார்க்கரால ஒரு கோடு போடுவாங்க. கோடு போட்டது இடது பக்கம்.

அப்படி வச்சு மூணு தடவை செஞ்சாங்க. மேல பாத்தா பட்டு மாதிரி இருக்கும். குறுக்க ஒரு பட்டை வெட்டி, உருளையில வச்சு மடக்குனா, அடியில வாயைப் பொளந்துடும். உள்ள பாத்தா புழு போன வழி மாதிரி நெடுக ஒரு ஓட்டை.

"இன்னொரு தடவை பாக்குறேன். இல்லன்னா வேற பட்டறைக்குப் போறேன்மா, தப்பா நினைக்காதீங்க"ன்னு படகுக்காரர் சொல்லிட்டுப் போயிட்டாரு.

அம்மா அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. மறுநாள் காலையில கழுத்துலேர்ந்து சாவியைக் கழட்டினாங்க. "கண்ணு, இந்தத் தடவை நீ ஓட்டு. என் கைக்கு ராசி இல்ல. உன் கைக்கு வந்துச்சுன்னா சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

துடைப்பம் குட்டி கையில இருந்துச்சு. பதினெட்டுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, அதுக்குள்ள எடுத்துக் குடுத்துட்டாங்க. அதுவும் யாருக்கு, பெட்டியோட வந்தவளுக்கு.

"கழுதை, தகட்டைத் துடைச்சு வை"ன்னு அம்மா சொன்னாங்க.

சோதனைத் துண்டு ரெண்டும் மேசை மேல இருந்துச்சு. ஒண்ணுல சிவப்புக் கோடு. குட்டி ஓரத்தைக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சா. துணியில அசிட்டோனை நனைச்சுத் துடைச்சா. அசிட்டோன் பட்டா எண்ணெய் போகும், அழுக்கு போகும். மார்க்கர் கோடும் போகும். அதுக்காகவே கோட்டை மூலையில தள்ளிப் போடுவாங்க, அந்த மூலைக்குத் துணியைக் கொண்டு போகக் கூடாது.

விருந்தாளி வாசல்ல நின்னு போன்ல பெரியம்மாகிட்ட பேசிக்கிட்டு இருந்தா. "ஆமாம்மா, சித்தி சாவியையே குடுத்துட்டாங்க!" அவ சிரிச்ச சிரிப்பு உள்ள வரைக்கும் கேட்டுச்சு.

குட்டியோட கை அந்த மூலைக்குப் போச்சு. ஒரே துடை, கோடு போயிடுச்சு. மார்க்கரை எடுத்து இன்னொரு தகட்டுல அதே மூலையில, அதே நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தா. கையே நடுங்கல. அதுதான் அவளுக்கு அப்புறம் நினைச்சு நினைச்சுப் பயமா இருந்துச்சு.

சரியா வச்சே வாயைப் பொளக்குது. மாத்தி வச்சா ரெண்டு துண்டாப் பிஞ்சுடும். அம்மா சாவியைத் திருப்பி வாங்கிடுவாங்க, பெட்டி ஊருக்குக் கிளம்பிடும். குட்டி போட்ட கணக்கு அவ்வளவுதான்.

விருந்தாளி வந்தா. கோட்டைப் பாத்தா, எடுத்தா, இடது பக்கம் வச்சா. சாவியைத் திருப்பினா. தண்டு சுத்தி இறங்குச்சு.

குட்டி கீச்சுச் சத்தத்துக்குக் காத்துக்கிட்டே இருந்தா. வரவே இல்ல. கிளறி ஒரே சீரா, சாப்பிட்டுட்டுத் தூங்குற ஆளு மாதிரி உறுமிக்கிட்டே போச்சு. இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

ஃபிட்டர் மாமா பட்டையை வெட்டி மடக்கினாரு. கொஞ்சம் மடங்குச்சு, இன்னும் மடங்குச்சு. லாடம் மாதிரி வளைஞ்சு நின்னுச்சு. கீழ ஒரு கீறல் இல்ல.

"அட!"ன்னாரு ஃபிட்டர் மாமா. "இத்தனை நாளா கிளறிக்கு டிப்ளமோதான் தேவைப்பட்டிருக்கு, நாமதான் எண்ணெய் ஊத்திக்கிட்டு இருந்திருக்கோம்."

அம்மா விருந்தாளியைக் கட்டிப் பிடிச்சாங்க. "என் கண்ணே! அந்தச் சாவி இனிமே உனக்குத்தான்!" அப்புறம் திரும்பி, "கழுதை, என்ன அங்க பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? டீ வாங்கிட்டு வா" அப்படின்னாங்க.

குட்டி டீ வாங்கப் போனா. வழியெல்லாம் அவளுக்கு ஒரு விநோதமான எரிச்சல். அந்த வேலை சரியா வந்ததுக்குக் காரணம் இவ கை. திருட்டுக் கைதான், ஆனாலும் இவ கை. பாராட்டு மட்டும் அங்க. செஞ்ச தப்புக்குக் கூட இன்னொருத்தி மாலை வாங்கிட்டுப் போறா.

சாயங்காலம் படகுக்காரர் வந்து வளைஞ்ச பட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "நாளைக்குக் காலையில முழுப் பலகை ஒண்ணு போடுங்க. என் கண்ணு முன்னாடி வெட்டி மடக்குங்க. நின்னுச்சுன்னா இந்த வருஷம் என் படகெல்லாம் உங்களுக்குத்தான்"ன்னாரு. அம்மா நெஞ்சு மேல கையை வச்சு, "நிக்கும், நான் சொல்றேன்"ன்னு வாக்குக் குடுத்தாங்க.

அப்பதான் குட்டிக்கு உறைச்சுது. பெரிய தகட்டுல எந்த ஜாதின்னு கம்பெனி முத்திரையே அச்சடிச்சிருக்கும், கோடெல்லாம் வேண்டாம். விருந்தாளி கட்டியைத்தான் இடது பக்கம் வைப்பா. நாளைக்கு அது வாயைப் பொளக்கும், படகுக்காரர் கண்ணு முன்னாடியே. விருந்தாளி மானம் போகும், குட்டி ஆசைப்பட்டதெல்லாம் நடக்கும். அதுக்கு அவ ஒண்ணுமே செய்ய வேண்டாம். சும்மா இருந்தாலே போதும்.

ஆனா அம்மா வாக்குக் குடுத்துட்டாங்களே. இன்னொண்ணும் இருக்கு. வெட்டுற இடம் மட்டும் தப்பித்தவறி நல்லா இருந்து, மிச்ச இடத்துல உள்ளுக்குள்ள ஓட்டை இருந்துச்சுன்னா? அந்தப் படகுல ஆளுங்க ஏறிப் போவாங்க.

ராத்திரி ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல படுத்திருந்தாங்க. வளைச்ச பட்டையைக் குட்டி பட்டறையிலேர்ந்து சுட்டுட்டு வந்து தலகாணிக்கு அடியில வச்சிருந்தா. ஏன்னு கேட்டா அவளுக்கே தெரியாது. அது அவளோடது, அவ்வளவுதான்.

"தூங்கிட்டியா?"ன்னு இருட்டுல விருந்தாளி கேட்டா.

"ம்."

"தூங்கினவ ம் போடுறியா?"

குட்டி சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தா.

"எனக்குப் பயமா இருக்குடி. அது எப்படி வந்துச்சுன்னே தெரியல. சித்தி செஞ்சதையேதான் செஞ்சேன். அதே வேகம், அதே அழுத்தம், ஒரு நூல் கூட மாத்தல. நாளைக்கு வராமப் போனா? சித்தி என்னைத் திட்டவும் மாட்டாங்க. 'பரவாயில்ல கண்ணு'ன்னு சொல்லி பஸ் ஏத்தி விட்டுடுவாங்க." மூக்கை உறிஞ்சினா. "நீ எப்படிக் குடுத்து வச்சவ தெரியுமா? உன்னைக் கழுதைன்னு கூப்பிடுறாங்க."

"அதுல என்ன குடுத்து வச்சிருக்கு?"

"வீட்டு ஆளைத்தான் கழுதைன்னு கூப்பிடுவாங்க. வந்து போறவங்கதான் கண்ணு."

விருந்தாளிக்குத் தன் மேல பொறாமையா? குட்டிக்குச் சிரிப்பு வந்துச்சு. வாய் தானாத் திறந்துச்சு.

"அக்கா. நான் கோட்டை மாத்திட்டேன்."

"எந்தக் கோட்டை?"

"சிவப்புக் கோடு. நீ இடது பக்கம் வச்சது கட்டி இல்ல. கடல்."

கட்டில் கிறீச்சுன்னுச்சு. விருந்தாளி எழுந்து உக்காந்துட்டா. ஒரு அறை விழும்னு குட்டி கன்னத்தைக் கையால மூடிக்கிட்டா.

"என்னடி சொன்ன? கடல் இடது பக்கமா?" அடி விழல. குரல்ல கோவமே இல்ல. "அடிப்பாவி! அதான்! ஆறிக் கிடக்கும்போதுதான் கட்டி கெட்டி. சூடாச்சுன்னா சட்டுன்னு இளகிடும். கடல் இருக்கே, அது சூட்டுலயும் வீம்பு பிடிக்கும். கிளறி ஓடும்போது சூடாத்தானே இருக்கு! அப்ப வீம்பு பிடிக்கிறதைத்தானே அடி விழுற பக்கம் வைக்கணும்! நாம ஆறிப்போன தகட்டைத் தொட்டுப் பாத்துக் கெட்டின்னு முடிவு பண்ணிட்டோம்!"

குட்டிக்கு மறுபடியும் பத்திக்கிட்டு வந்துச்சு. மாத்தினது இவ, காரணம் அவளுக்குப் புரியுது. இதுலயும் அவதான் முன்னாடி.

"சரி, கேளு"ன்னு விருந்தாளி கிசுகிசுத்தா. "நீ வாயைத் திறக்காத. நான் யோசிச்சுத்தான் மாத்தி வச்சேன்னு சித்திகிட்ட நானே சொல்லிடுறேன். உனக்கு அடி விழாது. நாளைக்குப் பலகையும் நிக்கும்."

நல்ல மனசோடதான் சொன்னா. குட்டிக்கு அது தெரியும். ஆனா அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ருன்னு ஏறுச்சு. சாவியை எடுத்துக்கிட்டா, கண்ணுங்கிற பேரை எடுத்துக்கிட்டா, ரூம்ல பாதியை எடுத்துக்கிட்டா. இப்ப தப்பையும் எடுத்துக்கப் போறாளா?

"அது என்னோட தப்பு!"ன்னு குட்டி கத்தினா. "உனக்கு ஒண்ணும் தர மாட்டேன்!"

தலகாணிக்கு அடியிலேர்ந்து பட்டையைப் பிடுங்கிக்கிட்டு ஓடினா. விருந்தாளி பின்னாடியே ஓடி வந்தா. அம்மா ரூம் கதவுல தடதடன்னு தட்டினா.

"யாரு? திருடனா?"

"இல்லம்மா. நான்தான்."

"திருடனே தேவலை. என்ன கழுதை?"

குட்டி நின்ன இடத்துலயே எல்லாத்தையும் கொட்டிட்டா. அசிட்டோன், மூலை, கோடு. "பொறாமைம்மா"ன்னும் சொல்லிட்டா. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. பின்னாடி விருந்தாளி, "சித்தி, அவ தூக்கத்துல உளறுறா, நான்தான்..."ன்னு இழுத்தா.

அம்மா பட்டையை வாங்கிக்கிட்டு சமையல் ரூமுக்குப் போயி லைட்டைப் போட்டாங்க. வெட்டின முகத்தை அரத்தால நல்லாத் தேய்ச்சாங்க. ரப்பர் கையுறை போட்டு, தொட்டி அடைப்புக்குப் போடுற காரத் தூளை ஒரு மூடியில கொஞ்சம் தண்ணி விட்டுக் கரைச்சாங்க. குச்சியால தொட்டு மூட்டு மேல வச்சாங்க. காரம் பட்டா கட்டி மங்கும், கடல் மங்காது. மூணு தலையும் குனிஞ்சுது.

நுரை வந்துச்சு. கழுவினாங்க. ஒரு பக்கம் சாம்பல் பூசின மாதிரி மங்கிடுச்சு, அது கட்டி. இன்னொரு பக்கம் பளிச்சுன்னு அப்படியே இருந்துச்சு, அது கடல். நடுவுல ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சுருண்டு சுருண்டு கிடந்துச்சு. தண்டு போன வழியில பிறை பிறையா விழுந்திருந்த தடத்தை அம்மா விரலால தடவி, எந்தப் பக்கம் இடதுன்னு பாத்தாங்க. பளிச்சுன்னு இருந்த பக்கம்தான்.

அம்மா நிமிர்ந்தாங்க. குட்டி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா.

"கோடு மாறினா படகு கவிழும்னு தெரியாதா உனக்கு? சொல்லாம மாத்துற கையை நான் என்ன பண்ணட்டும்? ஒரு மாசம் மெஷின் பக்கம் வந்தேன்னா காலை ஒடிப்பேன்!" மூச்சு வாங்கிட்டு, அப்படியே திரும்பினாங்க. "நீ என்னடி? படிச்சவதானே? கண்ணால பாத்து, கையால தேய்ச்சு, என்ன தகடுன்னு உறுதி பண்ணிக்காம, எவளோ போட்ட கோட்டை நம்பி வைப்பியா? இதுல பொய் வேற சொல்ல வர்றா! போங்கடி ரெண்டு கழுதைங்களும், போய்ப் படுங்க! அந்தச் சாவியை இங்க குடு!"

விருந்தாளி சாவியைக் கழட்டிக் குடுத்தா. திட்டு வாங்கின மூஞ்சியா அது? லைட்டைப் போட்ட மாதிரி இருந்துச்சு. உதட்டைக் கடிச்சு சிரிப்பை அடக்கிக்கிட்டு இருந்தா.

காலையில முழுப் பலகை போட்டாங்க. கடல் இடது பக்கம். சாவியை அம்மாவே திருப்பினாங்க. கிட்ட வரக் கூடாதுன்னு சொன்னதால குட்டி வாசப்படியில நின்னுக்கிட்டே காதைத் தீட்டினா. ஒரே சீரான உறுமல், ஒரு கீச்சு இல்ல. ஃபிட்டர் மாமா பட்டையை மடக்கினாரு. படகுக்காரர் மீசையைத் தடவிக்கிட்டுக் குனிஞ்சு குனிஞ்சு பாத்தாரு. கீறல் இல்ல. அம்மா அப்பதான் மூச்சை விட்டாங்க.

"எங்க போனாலும் கெட்டித் தகட்டைத்தானே இந்தப் பக்கம் வைக்கிறாங்க. இதை மாத்தி வைக்கணும்னு யாரும்மா கண்டுபிடிச்சது?"ன்னு படகுக்காரர் கேட்டாரு.

அம்மா வாசப்படியைப் பாத்தாங்க. மெஷின் பக்கத்துல நின்ன விருந்தாளியையும் பாத்தாங்க.

"இருக்கே, ரெண்டு கழுதைங்க"ன்னாங்க.

படகுக்காரர் சிரிச்சாரு, ஃபிட்டர் மாமா சிரிச்சாரு. விருந்தாளி முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிச்சா. குட்டியும் சிரிக்கத்தான் செஞ்சா. ஆனா உள்ளுக்குள்ள, நேத்து வரைக்கும் தனக்கு மட்டுமே சொந்தமா இருந்த அந்த வார்த்தையில பாதி போயிடுச்சேன்னு, வயிறு லேசா எரிய ஆரம்பிச்சுது.